மைதானத்தைச் சமன் செய்தது யார்?

மாரியூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. சாயங்காலம் அந்த வீட்டுப் பிள்ளைகள் கடற்கரை மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடுவார்கள். மணல்தான் அவர்களுக்கு மைதானம். இந்தக் கரையில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எங்க தாத்தா கண்டிச்சீமைக்குப் போனவரு" என்று ஒருவராவது சொல்வார். அந்தக் கண்டிச்சீமையின் மைதானங்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

இலங்கையின் தேயிலை மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் ரக்பி கிளப்புகளை நடத்தினார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டைக் கடந்து தரையில் வைக்கும் ஆட்டம் அது. மல்லுக்கட்டு நிறைந்தது. நம் கபடிக்காரருக்குப் பார்த்த உடனே புரியும். 1879இல் கொழும்பில் தொடங்கிய ஆட்டம் மலையேறியது. கண்டியில் ஒரு கிளப், திம்புள்ளைத் துரைமாருக்கு ராதெல்லவில் ஒன்று, டிக்கோயாத் துரைமாருக்கு டரவெல்லவில் ஒன்று. ராதெல்லவும் டரவெல்லவும் சின்னஞ்சிறு ஊர்கள். சம்பளம் வாங்காமல் ஆசைக்காக ஆடியவர்கள் என்பதால் 'அமெச்சூர்' ஆட்டக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மலைச்சரிவில் சமதளம் தானாக முளைக்காது. காடு வெட்டியது, பாதை போட்டது, லயன் கட்டியது எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். மைதானம் சமன் செய்ய மட்டும் லண்டனிலிருந்தா ஆள் வந்திருக்கும்?

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் என்று பஞ்சம் துரத்திய ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் பெருந்தொகை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். போகுமுன் மண்டபம் முகாமில் அடைத்து வைத்து நோய் இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஊரில் பட்ட கடனோடு கங்காணியின் கடனும் சேர்ந்துகொண்டது. சேரியை விட்டுத் தப்பியவர்கள் லயனிலும் சாதி பிரித்துக் குடிவைக்கப்பட்டார்கள்.

அதிகாலையில் தப்பு அடித்ததும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இப்படி ஒரு நாளில் அரைப்பேர் இழந்தாலும் அடுப்பு எரியாதவர் எந்தச் சனிக்கிழமை ஆசைக்காக ஆடுவார்?

இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் வெள்ளைத் தொழிலாளிகளும் கேட்டார்கள் என்பதுதான் வரலாறு. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யுங்கள் என்று கேட்டார்கள். தெற்கத்திக் கனவான்கள் கையிலிருந்த ரக்பி யூனியன் 1893இல் மறுத்துவிட்டது. காசு வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடுமாம்! 1895 ஆகஸ்ட் 29இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஓட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. இன்றைய 'ரக்பி லீக்' அப்படிப் பிறந்தது. பழைய யூனியன் தன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சம்மதித்தது 1995இல். சரியாக நூறு வருஷம்.

தூய்மை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருவது இயல்புதானே?

இலங்கையிலும் ஒரு கதவு திறந்தது. வெள்ளையர் கிளப்பில் இடமில்லாத உள்ளூர்க்காரர்கள் 1922இல் கொழும்பில் தங்களுக்கென்று ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். அது நகரத்தில் படித்தவர்களுக்கான கதவு. லயன் அறைக்கு அது எட்டவில்லை.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் ஊர் திரும்பினார்கள். தாத்தா போன அதே மண்டபம் வழியாகப் பேரப்பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பச்சைப் புல்வெளி மலையிலேயே இருக்கிறது. அதைச் செதுக்கிய கைகளின் பெயர் எந்தக் கிளப் சுவரிலும் இல்லை.

ரக்பி கனவான்களுக்கே சொந்தம் என்பது பொய். ஒடிசாவின் பழங்குடிப் பிள்ளைகள் 2007இல் லண்டன் போய், 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி ரக்பிப் போட்டியில் கோப்பை வென்று வந்தார்கள். புவனேஸ்வரத்தில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள் அவர்கள். பந்தும் சோறும் பயிற்சியாளரும் கிடைத்தார்கள்; மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? 2024இல் ஊராட்சிதோறும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. உங்கள் ஊராட்சிக்கு வந்த பந்தும் மட்டையும் இப்போது எந்தத் தெருவில் இருக்கின்றன? விளையாட்டுத் திடல் எந்தத் தெருவை ஒட்டி இருக்கிறது? காலனிப் பிள்ளை அங்கே தயங்காமல் காலெடுத்து வைக்க முடிகிறதா?

அடுத்த கிராமசபையில் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்தவர் ஆட மைதானம் சமன் செய்து கொடுத்தது போதும். இனி நம் பிள்ளைகள் ஆடட்டும்.