விமான விபத்தை விசாரிப்பது யார்?

வளைகுடாவில் ஓர் உறவினராவது இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. உம்ரா பயணங்களும் பெருகிவிட்டன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். விமானத்தைப் பொறுத்தவரை அந்தக் கயிற்றைக் கட்டுவது அரசாங்கம். அது எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம்.

முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் மிச்சமான ராணுவ விமானங்கள் மலிவாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஊர் ஊராகப் பறந்து சாகசம் காட்டினார்கள். காசு கொடுத்தவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். பைலட்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றோ, விமானத்தைச் சோதிக்க வேண்டும் என்றோ நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே உரியது என்று 1919-ல் பாரிஸில் உடன்படிக்கை போடப்பட்டது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டதே தவிர, உறுதி செய்யவில்லை.

கடைசியில் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் விமானத் தொழில்துறையினரே முன்நின்றார்கள். மக்கள் பயந்தால் வியாபாரம் ஏது? 1926 மே 20 அன்று அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்ட சட்டம், பைலட்டுகளுக்கு லைசென்ஸ், விமானங்களுக்குத் தகுதிச் சான்று, வான்வழி விதிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தது. பொறுப்பு வணிகத் துறையிடம் போனது.

சிக்கலும் அங்கேதான். விமானத் தொழிலை வளர்ப்பது, கண்காணிப்பது, விளக்குகளும் ரேடியோ வழிகாட்டிகளும் அமைப்பது, விபத்து நடந்தால் விசாரிப்பது என எல்லாம் ஒரே துறையின் கையில். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனியே காரணத்தை வெளியிடுவதையும் அது தவிர்த்து வந்தது.

1931 மார்ச் 31 அன்று கன்சாஸில் ஒரு ஃபாக்கர் விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நாடறிந்த கால்பந்துப் பயிற்சியாளர் நியூட் ராக்னி. மக்கள் கேள்வி கேட்டார்கள், மௌனம் கலைந்தது. மர இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை ஒட்டு பலவீனமடைந்ததே காரணமாகக் கூறப்பட்டது. அந்த வகை விமானங்கள் தற்காலிகமாகத் தரையிறக்கப்பட்டன. சாதாரணப் பயணிகள் மட்டும் இறந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

1935 மே மாதம் மிசூரியில் நடந்த விபத்தில் செனட்டர் பிரான்சன் கட்டிங் இறந்தார். விசாரித்த அரசுத் துறை, விமான நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. நிறுவனமோ, அரசின் ரேடியோ வழிகாட்டிதான் சரியாக இயங்கவில்லை என்றது. அதாவது, குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாகவும் அமர்ந்திருந்தார். செனட் குழு தனியாக விசாரித்து அந்தத் துறையைக் கடுமையாகச் சாடியது. 1938-ல் வந்த புதிய சட்டம், விபத்து விசாரணைக்கென மூவர் கொண்ட தனி வாரியத்தை அமைத்தது. இரண்டே ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது! முழுச் சுதந்திரமான விசாரணை அமைப்பு அமெரிக்காவுக்குக் கிடைக்க 1970-களின் நடுப்பகுதி ஆனது.

ஆங்கிலேயர் காலத்தில், 1934-ல் இயற்றப்பட்ட விமானச் சட்டம்தான் இந்தியாவில் 90 ஆண்டுகள் நீடித்தது. 2010-ல் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விழுந்து 158 பேர் இறந்தது நம் சமுதாயம் மறக்காத துயரம். 2012-ல்தான் விபத்து விசாரணைக்கென இங்கே தனிப் பணியகம் உருவானது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை விசாரிப்பதும் அதுவே. விமானங்களைக் கண்காணிக்கும் டிஜிசிஏவும், விபத்தை விசாரிக்கும் இந்தப் பணியகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகின்றன.