எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முதலில் கணினியில் கணக்குப் போடுங்கள்

புதிதாகக் கணினி வாங்கியவர்களில் பலர் அதில் பாட்டுக் கேட்கிறார்கள், போட்டோக்களைச் சேமிக்கிறார்கள், பிள்ளைகளின் பள்ளி வேலைக்குப் பிரிண்ட் எடுக்கிறார்கள். ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய செலவு பெரும்பாலும் கார்தான். அதை முடிவு செய்ய இந்தப் புரோகிராமைப் போல உதவும் கருவி வேறு இல்லை.

சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. லாரி உரிமையாளர்களும் ரிக் வண்டிக்காரர்களும் நிறைந்த பகுதி இது. லாரி எடுப்பவர் "கிலோமீட்டருக்கு என்ன செலவாகும்?" என்றுதான் முதலில் கேட்பார். அதே வீட்டில் குடும்பத்துக்குக் கார் எடுக்கும்போது மட்டும் பேச்சு நிறம், சன்ரூஃப், டச் ஸ்க்ரீன் என்று போய்விடுகிறது. லாரிக்குப் போடும் கணக்கைக் காருக்கும் போட்டுப் பார்ப்போம்.

எது நடுத்தர எஸ்யூவி?

பொதுவாக 4.2 முதல் 4.4 மீட்டர் நீளம், ஐந்து பேர் உட்காரும் வசதி, தரையிலிருந்து நல்ல உயரம் கொண்ட வண்டிகளை இப்படி அழைக்கிறார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2012-ல் வந்த ரெனோ டஸ்டர் இந்த வகையைப் பிரபலமாக்கியது. 2015-ல் ஹூண்டாய் கிரெட்டா, 2019-ல் கியா செல்டோஸ், 2021-ல் ஃபோக்ஸ்வேகன் டைகுன், 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா, 2023-ல் ஹோண்டா எலிவேட் எனப் பட்டியல் நீண்டது.

4 மீட்டர் என்ற அளவுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கும் 1500 சிசி வரையுள்ள டீசல் வண்டிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். நடுத்தர எஸ்யூவிகள் இரண்டாவது வகையில் வருகின்றன. அதாவது அந்தக் கூடுதல் நீளத்துக்கு வரியாகவும் விலை கொடுக்கிறீர்கள். அது உங்களுக்குத் தேவையா என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்.

ஒர்க்ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

உங்கள் கணினியில் எக்செல் இருந்தால் அதைத் திறங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோடு செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். திறந்ததும் கட்டம் கட்டமாகத் திரை தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்.

முதல் நெடுவரிசையில் செலவு இனங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள்: ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், இதர கட்டணம், ஆன்-ரோடு விலை, கடன் வட்டி, மாத கிலோமீட்டர், மைலேஜ், எரிபொருள் விலை, வருட எரிபொருள் செலவு, சர்வீஸ், டயர், டோல், மறுவிற்பனை விலை. அடுத்த மூன்று நெடுவரிசைகளின் தலையில் நீங்கள் யோசிக்கும் மூன்று வண்டிகளின் பெயர்கள். இப்போதே ஒரு பெயர் கொடுத்து ஃபைலை சேவ் செய்து விடுங்கள். மின்சாரம் போனால் உழைப்பு வீணாகக் கூடாது.

ஆன்-ரோடு விலை

விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. நீங்கள் செக் எழுதுவது ஆன்-ரோடு விலைக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால சாலை வரி உயர்த்தப்பட்டது. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம்; 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம்; அதற்கு மேல் 20 சதவீதம்.

9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். விலை வெறும் 20,000 கூடி 10,10,000 ஆனால் வரி 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் வசதிக்காக ஐம்பத்து மூன்றாயிரம் கூடுதல் வரி! 14 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 2,52,000 ரூபாய். மாடலின் விலை 10 லட்சம் அல்லது 20 லட்சம் எல்லையை ஒட்டி இருந்தால் ஒரு படி கீழேயுள்ள மாடலையும் பாருங்கள்.

10 லட்சத்துக்கு மேல் விலை போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். இது செலவு அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்கு எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியிலும் விலை கேட்டு இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

தொகைகளை டைப் செய்த பின், ஆன்-ரோடு விலைக்கான செல்லில் கர்சரை வைத்து, மேலே தெரியும் சிக்மா குறியுள்ள பட்டனை க்ளிக் செய்தால் கூட்டுத்தொகை வந்துவிடும்.

மாதத் தவணை

"மாதம் பதினாறாயிரம்தான் சார்" என்று சொன்னால் மலிவாகத் தோன்றும். எத்தனை மாதம் என்று கேளுங்கள். எக்செல், கால்க் இரண்டிலும் பேமெண்ட் என்பதன் சுருக்கமாக பிஎம்டி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஃபங்ஷன் பட்டியலில் ஃபைனான்ஷியல் பிரிவில் அதைத் தேர்வு செய்தால் ஒரு பெட்டி திறக்கும். ரேட் என்ற இடத்தில் 9%/12 என்றும், எத்தனை தவணை என்ற இடத்தில் 60 என்றும், கடன் தொகைக்கு -1000000 என்றும் கொடுங்கள். 9 சதவீத வட்டியில் 10 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 20,758 ரூபாய் என்று வரும். ஐந்து வருடத்தில் வட்டி சுமார் 2,45,500 ரூபாய்.

60-ஐ 84 ஆக மாற்றுங்கள். தவணை 16,089 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி சுமார் 3,51,500 ரூபாய் ஆகிவிடும். மாதத்துக்கு நாலாயிரத்து சொச்சம் குறைவதற்கு விலை ஒரு லட்சத்துக்கும் மேல்.

பெட்ரோலா, டீசலா?

ஒரு வருட எரிபொருள் செலவுக்கு ஃபார்முலா எளிது. செல்லில் = குறியை டைப் செய்யுங்கள். மாத கிலோமீட்டர் உள்ள செல்லை மவுஸால் க்ளிக் செய்து, *12/ என்று டைப் செய்யுங்கள். மைலேஜ் செல்லை க்ளிக் செய்து, * போட்டு, எரிபொருள் விலை செல்லை க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு புள்ளியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் மற்ற வண்டிகளுக்கும் ஃபார்முலா தானே பொருந்திவிடும்.

உதாரணத்துக்குப் பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 14. டீசல் 90 ரூபாய், மைலேஜ் 18. டீசல் வண்டி 1.5 லட்சம் அதிகம் என்று கொள்வோம். மாதம் 1000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோலுக்கு வருடம் 85,714 ரூபாய், டீசலுக்கு 60,000 ரூபாய். கூடுதல் விலையை மீட்க ஏறக்குறைய 6 வருடம். மாதம் 2000 கி.மீ. ஓட்டினால் 3 வருடம் போதும். மாதம் 500 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 12 வருடம்! உங்கள் ஊர் பங்க் விலையையும் ஷோரூம் விலையையும் போட்டுப் பாருங்கள்.

மைலேஜுக்கு விளம்பர எண்ணை அப்படியே போடாதீர்கள். அது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு. ஏசி போட்டு, ஐந்து பேருடன் ஊருக்குள் ஓட்டும்போது குறையும். கால் பங்கு கழித்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

டீசலில் இன்னொரு விஷயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பின், டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போக, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ தினமும் போய் வருபவருக்குப் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவருக்குப் பெட்ரோல்தான் நிம்மதி.

ஹைபிரிட் வண்டி ஊருக்குள் நன்றாக மிச்சப்படுத்தும். ஆனால் பேட்டரி இடத்தை எடுத்துக்கொள்கிறது. சாதாரண கிராண்ட் விட்டாராவின் டிக்கி 373 லிட்டர். அதன் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடலில் 265 லிட்டர்தான்.

டோல் செலவையும் விட்டுவிடாதீர்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போனால் ராசாம்பாளையம், சங்ககிரி போனால் வைகுந்தம். அடிக்கடி தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்காக, ஒரு வருடம் அல்லது 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. இப்போதைய கட்டணத்தைப் பார்த்து, உங்களுக்கு லாபமா என்று கணக்கிடுங்கள்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இப்போது எல்லாவற்றையும் சேர்ப்போம். ஏழு வருடம் வைத்திருப்பதாக ஓர் உதாரணம். ஆன்-ரோடு 17.5 லட்சம், ஐந்து வருடக் கடன் வட்டி 2.45 லட்சம், மாதம் 1000 கி.மீ. ஓட்டப் பெட்ரோல் 6 லட்சம், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் 3 லட்சம். கூட்டினால் 28.95 லட்சம். கடைசியில் 6 லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு 22.95 லட்சம். ஓடியது 84,000 கி.மீ. ஆக, கிலோமீட்டருக்கு 27 ரூபாய்.

இதில் பெட்ரோல் 7 ரூபாய்தான். மைலேஜ் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். மீதி 20 ரூபாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாத கிலோமீட்டரை 500 ஆக்கி, மற்றதை அப்படியே விட்டுப் பாருங்கள். பெட்ரோல் 3 லட்சமாகக் குறையும். ஆனால் கிலோமீட்டருக்கு 47 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும்! உங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் வாடகை கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை ஏற்காட்டுக்கும் ஒரு தடவை பழனிக்கும் போவதற்காகத்தான் பெரிய வண்டி என்றால், தினசரிக்கு ஒரு சிறிய காரும் அந்தப் பயணங்களுக்கு வாடகை வண்டியும் மலிவாக முடியலாம். மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும்.

பணத்தால் அளக்க முடியாதவை

கணக்கு பார்த்த பிறகும் எஸ்யூவிதான் தேவை என்றால் இரண்டாவது ஷீட்டைத் திறங்கள். பாதுகாப்பு, டிக்கி, தரை உயரம், ஏறி இறங்கும் வசதி, சர்வீஸ் சென்டர் தூரம் என்று எழுதி, ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு, முக்கியத்துவ எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். வீட்டில் எல்லோரும் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். மூட்டு வலியுள்ள பாட்டி போடும் எண்ணும் பிளஸ் டூ பையன் போடும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

பாதுகாப்புக்கு நட்சத்திரக் குறியீடு பார்க்க வேண்டும். பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 புள்ளி, குழந்தைகளுக்கு 49 புள்ளி எனத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். நட்சத்திரம் சோதித்த மாடலுக்கு மட்டுமே சொந்தம். 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் டைகுன் ஐந்து நட்சத்திரமும், அப்போதைய கிரெட்டா மூன்று நட்சத்திரமும் பெற்றன. 2024-ல் கிரெட்டா மாற்றங்களுடன் வந்தது. ஆகவே எந்த வருட மாடலைச் சோதித்தார்கள் என்பதையும் ஒரு செல்லில் எழுதுங்கள்.

தரை உயரம் எலிவேட்டில் 220 மில்லிமீட்டர், கிராண்ட் விட்டாராவில் 210, கிரெட்டாவில் 190, டைகுனில் 188. தோட்டத்து மண் பாதையில் தினமும் போகிறவருக்கு இது முக்கியம். தார் ரோட்டிலேயே ஓட்டுபவருக்கு அவ்வளவாக இல்லை.

டெஸ்ட் டிரைவ் செல்லும்போது குடும்பத்தையும் அழைத்துச் செல்லுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. முடிந்தால் ஏற்காடு மலைப்பாதையில் சில வளைவுகளாவது ஏறிப் பார்க்கக் கேளுங்கள். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஐந்து பேருடன் ஏசி போட்டு ஏறும்போது எஞ்சின் திணறுகிறதா, பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

கடைசியாக, ஒர்க்ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சேலம், நாமக்கல், ஈரோடு என்று மூன்று ஊர் ஷோரூம்களில் கொட்டேஷன் கேளுங்கள். ஒவ்வொரு இனமும் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். உங்கள் தாளில் இல்லாத கட்டணம் ஏதாவது இருந்தால் அது எதற்கு என்று விசாரியுங்கள். விவரம் தெளிவாகும் வரை அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.