வீட்டில் கலக்கும் உப்பு–சீனி நீர்

1971ஆம் ஆண்டு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, வைத்தியர் திலீப் மகலனோபிஸ் குளுக்கோசையும் உப்பையும் சமையற் சோடாவையும் நீரில் கரைத்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருகக் கொடுத்தார். நோயாளருள் நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். நம்மைப்போல் இடம்பெயர்ந்தவர்களின் கைகளில் நிரூபணமான மருந்து இது.

வயிற்றோட்டத்தின்போதும் சிறுகுடல் சீனியை உறிஞ்சும். சீனியோடு உப்பும், உப்போடு நீரும் உடலினுள் செல்லும். ஆகவே அளவுதான் முக்கியம். 1 லீற்றர் நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனி, மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பு. சீனி கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றோட்டம் அதிகரிக்கும். உப்பு கூடினால் கைக்குழந்தைக்கு வலிப்பும் வரலாம். கொடுக்குமுன் நாமே சுவைத்துப் பார்ப்போம். கண்ணீரிலும் பார்க்க உப்புக் கரித்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலப்போம்.

பிழை பெரும்பாலும் போத்தலில்தான் நேர்கிறது. நாம் மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் கணக்கிடும் போத்தல் 750 மில்லிலீற்றர், லீற்றர் அன்று. அதில் 6 கரண்டி சீனி இட்டால் கரைசல் மூன்றிலொரு பங்கு கூடுதலாகத் தடித்துவிடும். போத்தலுக்கு நாலரைக் கரண்டி போதும். உப்பையும் அரைக் கரண்டியிலிருந்து காற்பங்கு குறைக்க வேண்டும். லீற்றர் அளவுப் பாத்திரம் ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்குவது இந்தக் கணக்கிலும் சுலபம். கரண்டியைக் குவிக்காமல் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். கல்லுப்பானால் தூளாக இடித்தே அளக்க வேண்டும்.

நீரை முதலிலே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கலந்தபின் கொதிக்கவைக்கலாகாது, நீர் வற்றி அளவு மாறிவிடும். மூடிவைத்து 24 மணித்தியாலத்துள் பாவித்து, மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

ஜீவனிப் பொட்டலம் கிடைக்குமானால் அதுவே மேல். வீட்டுக் கரைசலில் இல்லாத பொட்டாசியம் அதில் உண்டு. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதியாகப் பிரித்துக் கலப்பது சிக்கனமன்று.

ஒவ்வொரு முறை வயிற்றாலை போனபின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர்வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், கஞ்சியும் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, கரைசலைப் பருக்கிக்கொண்டே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.