பள்ளித் தோழர்களுக்கு ஓர் இணையதளம்: நடத்திப் பார்த்ததில் கற்றவை

ஊரில் நாங்கள் படித்த உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தி வருகிறோம். ஊரில் மூவர், வளைகுடாவில் இருவர், சென்னையில் ஒருவர் என மொத்தம் ஆறு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து இரவில் செய்யும் பணி இது. இப்போது இருப்பது எங்களுடைய இரண்டாவது தளம். முதல் தளம் கைவிட்டுப் போனது. அது எப்படிப் போனது என்று சொன்னால், மற்ற ஊர்களில் இதே முயற்சியில் இறங்கும் சகோதர சகோதரிகளுக்கு உதவியாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

முதல் தளம் போன விதம்

அதைத் தொடங்கியவர் எங்களுக்கு மூத்த ஒரு சகோதரர். சவூதியில் வேலை பார்த்துக்கொண்டே, டொமைன் பெயருக்கும் சர்வருக்கும் சொந்தப் பணத்தைக் கட்டி நடத்தினார். விடுமுறையில் ஊருக்கு வந்தால், வீடு வீடாகப் போய்ப் பழைய வகுப்புப் படங்களைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்வார். ஒரு நாள் திடீரென அவர் வஃபாத்தானார். கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது. துக்கத்தில் இருந்த குடும்பத்தாரிடம் போய் அதைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. சில மாதங்களில் டொமைன் கெடுவும் முடிந்தது. நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போய்ச் சேர்ந்தன. பிறகொரு நாள் அந்த முகவரியைத் திறந்தபோது சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி ஆண்டு மலரில் அச்சாகி, ஊரெல்லாம் தெரிந்திருந்த முகவரி அது.

டொமைன் பெயரை யாரும் சொந்தமாக வாங்கிவிடுவதில்லை. ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். டாட் காம் போன்ற பெயர்களுக்குக் கெடு முடிந்ததும், பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில நாட்களோ வாரங்களோ அவகாசம் தருவார்கள். அதுவும் போனால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாட்கள் உண்டு. பின்னர் 5 நாட்கள் முடக்கம். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பெயர் பெற்ற பழைய முகவரிகளுக்காகவே காத்திருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் இருக்க, தளம் எதற்கு?

பலரும் இதைக் கேட்கிறார்கள். செய்தி சொல்ல வாட்ஸ்அப் நல்லதுதான். ஆனால் ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் சேர முடியாது. போன மாதம் போட்ட படத்தை இந்த மாதம் தேடி எடுப்பதே பெரும்பாடு. புதிதாகச் சேர்பவருக்குப் பழையது எதுவும் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் இடத்தையும் முழுதாக நம்ப முடியாது. நம் பிள்ளைகள் கூடிப் பேசிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ குழுமங்களில் இருந்த பழைய கடிதங்களும் படங்களும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. மறு ஆண்டு டிசம்பரில் குழுமங்களே மூடப்பட்டன. பள்ளித் தோழர்களைத் தேடுவதற்கென்றே 2000-ல் பிரிட்டனில் தொடங்கிப் புகழ்பெற்ற ஃபிரண்ட்ஸ் ரீயுனைட்டட் தளமும் 2016-ல் நின்றுபோனது. எங்கே வைத்தாலும் நம் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

எங்கள் முதல் தளத்தின் சில பக்கங்கள் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கிடைத்தன. திறந்தால், தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிந்தன. யூனிகோட் பரவலாகும் முன், திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. எழுத்துரு மாற்றி கொண்டு எழுத்தை மீட்டோம். படங்களில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனபோது, சில வீடுகளில் படத்தைக் கறையான் அரித்திருந்தது.

முன்னாள் மாணவர் யார்?

பதிவுப் படிவத்தில் முதலில் "எந்த பேட்ச்?" என்று மட்டும் கேட்டிருந்தோம். குழப்பம் அங்கேயே தொடங்கியது. தமிழகத்தில் பிளஸ் டூ முறை 1978-ல்தான் வந்தது. அதற்கு முன் 11-ஆம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. பெரியவர் ஒருவர் "நான் எஸ்.எஸ்.எல்.சி." என்றால் அது 11-ஆம் வகுப்பு, அவர் மகன் சொன்னால் 10-ஆம் வகுப்பு.

அதைவிட முக்கியமான ஒன்றை ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஒன்பதாவதோட நின்னு கடைக்கு வேலைக்குப் போயிட்டேன். நான் சேரலாமா தம்பி?" எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே படிவத்தை மாற்றினோம். இப்போது "எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், எந்த ஆண்டு, எந்த வகுப்பில் பள்ளியை விட்டீர்கள்?" என்றே கேட்கிறோம். ஒரு வருடம் படித்தவரும் எங்கள் மாணவர்தான்.

ஒரே பெயர் பலருக்கு இருப்பது நம் ஊர்களின் வழக்கம். ஒரே வகுப்பில் நான்கு அப்துல் காதர்கள் இருந்திருப்பார்கள். தந்தை பெயர், தெரு, வகுப்பாசிரியர் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டால் ஆளைச் சரியாகக் கண்டுகொள்ளலாம். அறியாத ஒருவர் பொய்யாகச் சேர்வதையும் இது தடுக்கும். ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் "தெரியும்" என்று சொன்ன பிறகே சேர்க்கிறோம்.

தொலைபேசி எண்ணும் படமும்

எல்லோருடைய எண்ணையும் பொதுவில் போட்டால் மோசடிக்காரர்கள் கைக்கு அப்படியே போய்விடும். எங்கள் தளத்தில் பெயரும் ஆண்டும் மட்டுமே வெளியே தெரியும். தொடர்புகொள்ள விரும்பினால் எங்களிடம் சொல்ல வேண்டும். மறுபக்கம் சம்மதித்தால் மட்டுமே எண்ணைத் தருவோம். பெண்களின் படங்களை அவரவர் அனுமதியின்றி ஏற்றுவதில்லை. எடுக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுவோம். சம்மதம் கேட்பதும், அதைத் திரும்பப் பெற வழி தருவதும், 18 வயதுக்குட்பட்டோர் என்றால் பெற்றோரின் சம்மதம் பெறுவதும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகள். சட்டம் நம்மைக் கேட்காவிட்டாலும், நம்பித் தந்தவருக்கு நாம் செய்ய வேண்டியது அதுதான்.

பணம்

தளத்துக்குப் பெரிய செலவில்லை. டாட் காம் பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயும், சர்வருக்குச் சில ஆயிரங்களும் ஆகும். ஆறு பேரும் பங்கிட்டுக் கட்டுகிறோம். கணக்கைத் தளத்திலேயே வெளியிடுகிறோம்.

பள்ளிக்கு வகுப்பறை கட்ட, கணினி வாங்க நிதி திரட்டுவது வேறு விஷயம். தனிநபரின் வங்கிக் கணக்கில் வாங்கினால் வீண் சந்தேகமும் மனக்கசப்பும் வரும். முன்னாள் மாணவர் சங்கத்தைப் பதிவு செய்து, அதன் கணக்கில்தான் வாங்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வளைகுடாவில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். அரசுப் பள்ளியாக இருந்தால், 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் உதவலாம்.

சாவி யாரிடம்?

முதல் தளம் எங்களுக்குக் கற்றுத் தந்த பெரிய பாடம் இதுதான். டொமைன், சர்வர், மின்னஞ்சல் மூன்றின் கடவுச்சொற்களும் இப்போது மூவரிடம் இருக்கின்றன. பதிவு மின்னஞ்சல் தனிநபருடையதல்ல, குழுவுடையது. டொமைனை ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டோம். முழுத் தளத்தின் பிரதி மாதம் ஒருமுறை எடுக்கப்பட்டு, ஊரில் ஒரு வீட்டிலும் சென்னையில் ஒரு வீட்டிலும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஓர் இளைஞரைச் சேர்த்துப் பழக்குகிறோம்.

ஊர் மக்கள் நம்மை நம்பித் தந்த படங்களும் பெயர்களும் அமானிதம். அவற்றைச் சேர்ப்பவர் எவ்வளவு உழைத்தாலும், அவருக்குப் பின் யார் என்பது முடிவாகாதவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படியொரு தளம் இருந்தால், அதை நடத்துபவரிடம் இன்றே கேளுங்கள்: "உங்களைத் தவிர வேறு யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது?" நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.