பப்ஜி தடை: காரணம் வன்முறை அல்ல, எல்லை!

புதுதில்லி: துப்பாக்கிச் சண்டையை மையமாகக் கொண்ட பப்ஜி கைப்பேசி விளையாட்டுக்கு 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு தடை விதித்தது. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்ட பெற்றோர் அதை வரவேற்றனர். ஆனால், அரசு கூறிய காரணம் வன்முறை அல்ல.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ், நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிப்பதாகக் கூறி முடக்கப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. கல்வானில் சீனப் படையினருடனான மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர்நீத்து 3 மாதங்கள்கூட நிறைவடையாத நேரம் அது.

முன்னதாக, 2019 மார்ச்சில் குஜராத்தின் சில நகரங்களில் காவல் துறை இவ்விளையாட்டுக்குத் தடை விதித்தது. ராஜ்கோட்டில் மாணவர்கள் கைதும் செய்யப்பட்டனர். எனினும், சிறுவர் நலன் 69-ஏ பிரிவில் தடைக்கான காரணமாக இடம்பெறவில்லை.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. சீனாவின் டென்சென்ட்டிடம் இருந்த இந்திய வெளியீட்டு உரிமையைத் தென்கொரிய நிறுவனம் திரும்பப் பெற்றது. 2021 ஜூலையில் புதிய பெயருடன் ஏறத்தாழ அதே விளையாட்டு திரும்பியது. சிவப்பு ரத்தம் மட்டும் பச்சையானது. 2022 ஜூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் சோதனை அடிப்படையில் மீண்டும் அனுமதி பெற்றது.

பப்ஜி தடைக்கு மறுநாள் ஆந்திர அமைச்சரவை தடை செய்ய முடிவெடுத்தது ஆன்லைன் ரம்மி, போக்கர் போன்றவற்றையே. எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே நாடாளுமன்றத்தில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டமும் பணம் வைத்து ஆடுவதையே தடுக்கிறது. மின்னணு விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கிறது.

சீனத் தொடர்புக்கும் சூதாட்டத்துக்கும் சட்டம் விடை கண்டது. சித்தூரிலும் சேலத்திலும் பெற்றோர் எழுப்பும் கேள்வி வேறு. அது இன்னும் அவையின் விவாதத்துக்குக் காத்திருக்கிறது.