பரிசல் வாங்கும் முன்

பரிசல் என்பது மூங்கிலால் முடைந்து, அடிப்பக்கம் தண்ணீர் புகாதபடி உறை போர்த்திய வட்டப் படகு. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய இத்தகைய கூடைப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கலிலும், அதற்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் உள்ள நாகமரை, ஒட்டனூர் போன்ற ஊர்களிலும் பரிசல் இன்றும் பிழைப்புக் கருவியாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றவும், வலை வீசவும், அக்கரைக்குப் போகவும் அது உதவுகிறது.

பரிசலை நம்பிப் பிழைக்க நினைப்பவர், சொந்தமாக ஒன்றை வாங்கும் முன் இன்னொருவர் பரிசலில் ஓர் ஆண்டாவது பழகிப் பார்ப்பது நல்லது. பிரிட்டனில் கால்வாய்ப் படகுகளைக் குடியிருப்பாக்கிக்கொள்ள விரும்புவோருக்கும் இதே அறிவுரைதான் சொல்லப்படுகிறது. சுமார் 7 அடி அகலமே உள்ள அந்த நீண்ட படகை முதலில் வாடகைக்கு எடுத்து, முடிந்தால் குளிர்காலத்தில், வாழ்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே கால்வாய் நீர் பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் சில வாரங்கள் போதும். பரிசல் ஓடும் காவிரியோ மாதத்துக்கு மாதம் மாறும் ஆறு. அதை அறிய ஆண்டின் எல்லாப் பருவங்களும் தேவை.

படகின் அமைப்பு

ஒகேனக்கல் பரிசலின் விட்டமும் ஏறத்தாழ 7 அடிதான். கைதேர்ந்த ஒருவர் ஒரே நாளில் ஒன்றை முடைந்துவிடுவார். பிளந்த மூங்கில் பட்டைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கற்களை ஏற்றி அழுத்தி, ஓரத்தை மேல்நோக்கி வளைத்து, விளிம்பைச் சுற்றிலும் தடித்த பட்டைகளால் இறுக்குவார்கள். முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டித் தார் பூசுவது வழக்கம். ஃபைபர் பரிசல்களும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

தட்டையான அடி, குறைந்த எடை, வளைந்துகொடுக்கும் உடல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பாறை நிறைந்த இந்த ஆற்றுக்குப் பரிசலைப் பொருத்தமாக்குகின்றன. முழங்கால் அளவு நீரிலும் அது மிதக்கும். பாறையில் இடித்தால் மூங்கில் நெகிழ்ந்து அடியைத் தாங்கும். தண்ணீர் கொந்தளிக்கும் இடத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்தபடி ஓட்டுநர் கரையோடு நடந்து அடுத்த மடுவில் இறக்குவார்.

துடுப்புப் பழக்கம்

வட்டமான படகுக்கு முன்னும் பின்னும் இல்லை. நேராகப் போகும் இயல்பும் இல்லை. ஒரு பக்கத்தில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் ஓட்டுநர் போகும் திசையைப் பார்த்து விளிம்போரம் அமர்ந்து, முன்னால் உள்ள நீரைத் தன்னை நோக்கி இழுக்கிறார். ஒற்றைத் துடுப்பை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி இழுக்கும் இந்த வித்தை கைக்கு வரும்வரை புதியவரின் பரிசல் சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

துடுப்புக்கு முன் நீச்சல் வர வேண்டும். அடுத்தது எடையைச் சமன் செய்யும் அறிவு. ஏறுபவர்களை எதிரெதிராக, விளிம்பில் அல்லாமல் தாழ உட்கார வைப்பதும், நடுவழியில் யாரையும் எழவிடாமல் இருப்பதும் ஓட்டுநரின் பொறுப்பு. பெரிய பரிசல் எட்டுப் பேரைத் தாங்கும் என்றாலும் அதற்குக் குறைவாகவே ஏற்ற வேண்டும். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மூன்றாவது, ஆற்றைப் படிப்பது. நீரின் மேல்மட்டத்தில் சுருக்கம் விழுந்தால் அடியில் பாறை இருக்கும். வேகம் கூடினால் அருவியின் இழுப்பு அருகில் இருக்கும். முதலைகள் நடமாடும் மடுக்கள் எவை என்பதும் உள்ளூர்க்காரரிடம் கேட்டே தெரியவேண்டியது. இவற்றைக் கரையில் நின்று கற்க முடியாது.

ஆற்றின் ஆண்டு

பரிசல்காரரின் வருமானத்தைத் தீர்மானிப்பது கர்நாடகத்தில் பெய்யும் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால் உபரி நீர் ஒகேனக்கலுக்கு வந்து சேர்கிறது. அதை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. நீரும் அங்கேதான் கணக்கிடப்படுகிறது. வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதிக்கும். 2018, 2019 ஆண்டுகளில் வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அத்தகைய வெள்ளத்தில் அருவிகளே நீருக்குள் மறைந்துவிடும். பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். கடும் கோடையில் வரத்து சில நூறு கன அடியாகச் சுருங்கினால், பாறைகள் வெளியே தெரிந்து பரிசல் போகும் தூரம் குறையும்.

எனவே கூட்டம் நிறைந்த நாட்களின் வரவை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. தடை நாட்களில் வேறு என்ன வேலை கிடைக்கும் என்பதும் அந்த ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதே.

நீர்த்தேக்கத்து வாழ்க்கை

மீன்பிடிக்கப் பரிசல் வாங்குவோர் பழக வேண்டிய இடம் மேட்டூர் நீர்த்தேக்கம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் பரவும் பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். இங்கே இழுப்பை விடக் காற்றுதான் ஆபத்து. அகன்ற நீர்ப்பரப்பில் ஆடிக் காற்று அலை எழுப்பும்போது, எடை குறைந்த வட்டப் படகு காற்றோடு ஒதுங்கிவிடும். மாலையில் வலை விரித்து விடியலில் எடுப்பதால் இரவுகள் கரையோரக் குடிசையில் கழியும். அந்தக் கரையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மீனவர்களும் நீரைத் தொடர்ந்து குடிசையை இறக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். குடும்பத்தோடு இதைத் தாங்க முடியுமா என்பதை அங்கே தங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வாங்கும்போது

பழக்கம் முடிந்து வாங்க முடிவெடுத்தவர் முதலில் உரிமத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்ற உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும், நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க மீன்வளத் துறையின் உரிமமும் தேவை. அனுமதி கிடைக்கும் என்று உறுதியான பிறகே பணம் கொடுக்கலாம். பழைய பரிசல் என்றால் கவிழ்த்துப் போட்டுத் தார் வெடித்திருக்கிறதா என்றும், விளிம்புப் பட்டைகளைக் கையால் அழுத்தி மூங்கில் உளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு நீரில் இறக்கி, ஆள் ஏறி அரை மணி நேரம் மிதக்கவிட்டால் கசிவு தெரிந்துவிடும். உறையை அவ்வப்போது மாற்றித் தார் பூசும் செலவையும், பரிசலை நிழலில் கவிழ்த்து வைக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முடையும் கலையையும் கற்றுக்கொண்டவருக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.