டிடெக்டிவ் என்று அழைக்காதீர்கள்

வங்காளிகள் 90 ஆண்டுகளாகப் படித்துவரும் ப்யோம்கேஷ் பக்ஷி, துப்பறியும் வீரர்களிலேயே மிகச் சாதாரணமான குடும்பஸ்தர்

'டிடெக்டிவ்' என்ற சொல் ப்யோம்கேஷ் பக்ஷிக்குப் பிடிக்காது. அதற்கான வங்காளச் சொல்லான 'கோயெந்தா' அதைவிட மோசம் என்பது அவர் கருத்து. கல்கத்தா ஹாரிசன் சாலையில் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தளத்தில் அவர் வீடு. வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் தன் தொழிலாக அவர் பொறித்து வைத்திருப்பது 'சத்யான்வேஷி' என்ற சொல். உண்மையைத் தேடுபவர். கொஞ்சம் கர்வமான பட்டம்தான். ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடியே அவர் கடைசிவரை நடந்துகொள்கிறார் என்பதுதான் இந்தக் கதைகளின் விசேஷம்.

படைத்தவர் சரதிந்து பந்த்யோபாத்யாய். 1899-ல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூரில் பிறந்து பீகாரின் முங்கேரில் வளர்ந்தவர். வக்கீலுக்குப் படித்துவிட்டு, தொழிலை உதறி எழுத வந்தவர். முதல் கதை 1932-ல் வெளியானது. கல்கத்தா தெருக்களில் நடந்து போகிறவர்கள் திடீரென்று சுருண்டு விழுந்து சாகிறார்கள். இதயத்தில் பாய்ந்திருப்பது கிராமஃபோன் ஊசி. கூட்டம் நிறைந்த சாலையில் யார் கண்ணிலும் படாமல் அதை எப்படி எய்தார்கள் என்பதைக் கதையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே சொல்வது பாவம்.

பெயரைத் தமிழர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளலாம். வங்காள உச்சரிப்பைக் கழித்துவிட்டால் வ்யோமகேசன். ஆகாயத்தையே கேசமாகக் கொண்ட சிவன். தெய்வப் பெயர் என்றாலும் ஆள் நடுத்தர வர்க்கம். அப்பா கணக்கு வாத்தியார். பெற்றோர் இருவரையும் 17-வது வயதில் காசநோய்க்குப் பறிகொடுத்து, ஸ்காலர்ஷிப்பில் படித்து முன்னேறியவர். வேட்டி கட்டுவார், ஓயாமல் சிகரெட் பிடிப்பார், காலையில் பேப்பரில் விளம்பரப் பக்கங்களைத்தான் விரும்பிப் படிப்பார். பேயாய் உழைக்கும் மூளை ஒன்றைத் தவிர, ஹாரிசன் சாலையின் மெஸ்களில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களிடமிருந்து அவரைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். நமக்கு அறிமுகமாகும்போதே, வேலை தேடும் இளைஞர் என்று பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு ஒரு மெஸ்ஸில்தான் அவர் தங்கியிருக்கிறார். அதே அறையில் தங்கியிருக்கும் எழுத்தாளர் அஜித், பிறகு நண்பராகி அவருடைய கதைகளைச் சொல்கிறார். அஜித்தின் குடும்பப் பெயரும் பந்த்யோபாத்யாய் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஹோம்ஸ்-வாட்ஸன் ஜோடியின் சாயல் இதுவரை தெளிவாகத் தெரிகிறது. சரதிந்து பாதை மாறுவது கல்யாணத்தில். ஹோம்ஸோ பெல்ஜியத்துக்காரரான புவாரோவோ பெண்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். ப்யோம்கேஷோ ஒரு கொலை வழக்கில் சந்தேகத்துக்கு ஆளான இளைஞனின் தங்கை சத்யவதியிடம் மனதைப் பறிகொடுத்து, அவளையே கைப்பிடிக்கிறார். சத்யத்தைத் தேடியவருக்கு சத்யவதியே கிடைத்துவிட்டாள்!

அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று படைத்தவரே நினைத்துவிட்டார். 10 கதைகளோடு பேனாவை மூடி வைத்தார். 1938-ல் ஹிமான்ஷு ராயின் பம்பாய் டாக்கீஸ் அழைக்க, திரைக்கதை எழுதப் போய்விட்டார். சினிமா, சரித்திரக் கதைகள், பேய்க் கதைகள் என்று எல்லாம் எழுதினார், ப்யோம்கேஷைத் தவிர. பல வருஷங்கள் கழித்து கல்கத்தாவுக்கு வந்தபோது நண்பர் வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ப்யோம்கேஷ் ஏன் வருவதில்லை? தான் சினிமாவில் மூழ்கியிருந்த காலத்தில், முந்தைய தலைமுறைக்காக எழுதிய கதைகளை இவர்களும் படித்துவிட்டிருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 1950களின் தொடக்கத்தில் ப்யோம்கேஷ் திரும்பி வந்தார். சரதிந்துவும் 1952-ல் சினிமாவை விட்டுவிட்டு புணேயில் குடியேறினார். கல்கத்தாவை அணு அணுவாக வர்ணிக்கும் பிற்காலக் கதைகள் மராட்டிய மண்ணிலிருந்து எழுதப்பட்டவை.

திரும்பி வந்த ப்யோம்கேஷ் வேறு ஆள். வாசகர்கள் காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. முதல் கதையிலேயே அவர் நோயிலிருந்து தேறிக்கொண்டிருக்கிறார். சந்தால் பர்கானாவில் காற்று மாற்றத்துக்காக வந்திருப்பவரை சத்யவதி பத்தியச் சாப்பாட்டோடு காவல் காக்கிறாள். சிகரெட்டுக்குக் கெஞ்சும் துப்பறியும் நிபுணரை வேறெங்கே பார்க்க முடியும்? பிறகு மகன் பிறக்கிறான். வயது கூடுகிறது. கடைசியில் தெற்குக் கல்கத்தாவின் கேயாதலாவில் சொந்த வீடும் வருகிறது.

நாட்டுக்கும் வயது கூடுகிறது. 'ஆதிம் ரிபு'வின் பின்னணியில் 1946-ன் கல்கத்தா கலவரங்கள். கதை முடியும்போது சுதந்திரம் வந்துவிடுகிறது. 'அம்ருதேர் ம்ருத்யு'வில் உலகப் போருக்கு வந்த அந்நிய ராணுவம் விட்டுப்போன ஆயுதங்கள் கிராமத்தில் புழங்குகின்றன. 'சிடியாகானா'வில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், சமூகம் ஒதுக்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு பண்ணை நடத்துகிறார். கறுப்புப் பணம், பதுக்கல், உடைந்த குடும்பங்கள் என்று அந்தக் கால வங்காளத்தின் சரித்திரத்தையே இந்தக் கதைகளின் ஓரங்களில் படிக்கலாம். பெயர்ப் பலகைக்கும் இங்கேதான் சோதனை. உண்மை தெரிந்த பிறகு குற்றவாளியைப் போலீஸிடம் ஒப்படைத்தே ஆக வேண்டுமா? ப்யோம்கேஷ் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. 'ஆதிம் ரிபு'வில் கொலையாளியைப் போக விட்டுவிடுகிறார். சட்டம் படித்த ஒருவர் எழுதிய முடிவு என்பதால் அது கூடுதலாகவே உறுத்துகிறது.

சினிமா இந்த மனிதரைச் சுலபத்தில் பிடித்துவிடவில்லை. 1967-ல் சத்யஜித் ராய் 'சிடியாகானா'வைப் படமாக்கி, உத்தம் குமாரை ப்யோம்கேஷாக்கினார். ராய்க்கும் உத்தம் குமாருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால் ராயின் சுமாரான படங்களில் ஒன்றாகவே இன்றும் அது நினைக்கப்படுகிறது. வீட்டில் பாம்பு வளர்க்கும் ப்யோம்கேஷ் மூலக்கதையில் கிடையாது.

சரியான முகம் தூர்தர்ஷனில்தான் கிடைத்தது. பாசு சாட்டர்ஜி 1993-ல் இயக்கிய இந்தித் தொடரில் ரஜித் கபூர் ப்யோம்கேஷ், கே.கே. ரைனா அஜித். செட்டுகள் எளிமை, சண்டைக் காட்சிகள் அநேகமாக இல்லை. வேட்டி ஜிப்பாவில் உட்கார்ந்து எதிராளி பேசுவதைக் கவனமாகக் கேட்டார் ரஜித் கபூர். அது போதுமானதாக இருந்தது. வங்காளம் தெரியாத இந்தியாவுக்கு ப்யோம்கேஷ் என்றால் இன்றும் அவர்தான். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பிய பழைய தொடர்களில் இதுவும் ஒன்று. 2015-ல் திபாகர் பானர்ஜி, சுஷாந்த் சிங் ராஜ்புத்தை வைத்து எடுத்த படத்தில் 1940களின் கல்கத்தா அபாரம். ஆனால் ஜப்பானிய விமானங்களுக்கும் சீனக் கும்பல்களுக்கும் நடுவே அந்த மெஸ்வாசி காணாமல் போனார். வங்காளத்திலோ அபீர் சாட்டர்ஜி, ஜிஷு சென்குப்தா, அனிர்பான் பட்டாச்சார்யா, தேவ் என்று ப்யோம்கேஷ்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். யார் சரியான ப்யோம்கேஷ் என்ற சண்டையும்தான்.

சரதிந்துவின் பெருமை இதோடு முடிந்துவிடவில்லை. விஜயநகரத்தைக் களமாகக் கொண்ட 'துங்கபத்ரார் தீரே' அவருக்கு ரவீந்திர புரஸ்காரம் வாங்கித் தந்த சரித்திர நாவல். ஆனால் பெயர் நிலைத்தது துப்பறியும் கதைகளால். மொத்தம் 32. கடைசிக் கதைகளில் அஜித் சொல்லும் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற, சரதிந்துவே நேரடியாகக் கதை சொன்னார். 33-வது கதையான 'பிஷுபால் பத்', ஒரு நாடகக் கொட்டகையில் நடக்கிறது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே நடிகர் பிஷு பால் மேடையில் பிணமாகிறார். விசாரணை தொடங்குகிறது. 1970 செப்டம்பரில் சரதிந்து இறந்தார். கொலையாளி யார் என்பதை எழுதி வைக்கவில்லை.